பார்க்கலாம்னு எழுது

ஜூலை 6

அன்புள்ள அக்கா,

நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் உனக்கு எழுதப்போகிறேன் என்று முதல் வரியிலேயே அறிவித்துவிடுகிறேன். நீ நலமா என்று கேட்பது கடித வழக்கம். ஆனால் நான் நிஜமாகவே கேட்கிறேன்.

செவிலியர் பயிற்சியில் முதல் ஆறு மாதம் கைபேசியைப் பூட்டி வைத்துவிடுவார்கள் என்று நீ சொன்னபோது அம்மா அழுதாள். நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். எனக்குக் கடிதம் எழுத ஆள் கிடைத்ததே!

இங்கே உன் நாற்காலியில் இப்போது நான். அம்மா தைத்து இணையத்தில் விற்கும் நாய்க் கோட்டுகளுக்கு வெளிநாட்டிலிருந்து யார் எழுதினாலும் கணினியில் பதில் போடுவது என் பொறுப்பு. பள்ளி விட்டு வந்ததும் அம்மா மிஷினை நிறுத்தாமலே கேட்கிறாள், "இன்னிக்கு எந்தச் சீமாட்டி என்ன கேட்டா?" நான் படித்துச் சொல்கிறேன். அம்மா தமிழில் பதில் சொல்கிறாள். நான் ஆங்கிலத்தில் எழுதுகிறேன். அகராதி மடியிலேயே இருக்கிறது.

நேற்று ஒரு புது அம்மாள். குளிர் அதிகமான ஊராம். தன் நாயை 'வயதான கனவான்' என்றே எழுதுகிறாள். அதை எப்படித் தமிழில் சொல்வது என்று நான் திணறியபோது, அச்சகத்திலிருந்து வந்த அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பெரியவர்னு சொல்லேன்" என்றார். அப்படியே ஆகிவிட்டது. பெரியவருக்கு மார்பளவு அறுபத்து நாலு சென்டிமீட்டர். செம்பழுப்பு நிறக் கோட்டு வேண்டுமாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். எல்லோரும் நலம், அப்பாவின் முதுகு தவிர.

உன் தங்கை,
சுரைக்காய்


ஜூலை 16

அடியே ஏட்டுச் சுரைக்காய்,

கறிக்கு உதவாவிட்டாலும் கடிதத்துக்கு உதவுகிறாயே, சந்தோஷம். எனக்குச் சளி, மற்றபடி சுகம். அறைக்கு நாலு பேர், ஒரே மின்விசிறி. அதுவும் யார் பக்கமும் திரும்பாமல் சுவரைப் பார்த்தே சுற்றுகிறது.

கடைக்கு மூன்று விஷயம் சொல்கிறேன். கோபமாக எழுதுகிறவர்களுக்கு உடனே பதில் எழுதாதே, முதலில் தண்ணீர் குடி. செய்ய முடியாததைச் செய்வேன் என்று எழுதாதே. அப்புறம், கதைப் புத்தக ஆங்கிலம் வேண்டவே வேண்டாம். கோட்டு வாங்க வந்தவளுக்குக் கோட்டைக் கதை எதற்கு?

இங்கே எனக்குக் கொடுத்த வேலை எடை எடுப்பது. காலையில் ஒவ்வொரு நோயாளியையும் நிறுத்தி எடை பார்த்து அட்டையில் எழுத வேண்டும். இரண்டு வாரமாக அதே அட்டை, அதே பேனா.

அப்பாவின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்கா,

சளி போயிருக்கும் என்று நம்புகிறேன். போகாவிட்டால், அங்கேதான் இத்தனை மருந்து இருக்கிறதே!

நான் ஒரு கோட்டுக்காகப் பத்தொன்பது கடிதம் எழுதிவிட்டேன். பெரியவரின் அம்மாளைத்தான் சொல்கிறேன். முதலில் செம்பழுப்பு என்றாள், பிறகு அது அவருக்கு எடுப்பாக இல்லை, சாம்பல் வேண்டும் என்றாள். ஒட்டுப்பட்டை வேண்டாம், பிரிக்கும்போது வரும் பர்ர்ர் சத்தத்துக்குப் பெரியவர் பயப்படுவார், பொத்தான்தான் வேண்டும் என்றாள். பொத்தான் முதுகுப் பக்கம் இருக்கக் கூடாது, படுத்தால் உறுத்தும். அக்குளில் தையல் வரக் கூடாது. உள்துணி வழுக்கக் கூடாது.

"நாய் கூட இவ்ளோ கேக்காதுடி" என்றாள் அம்மா.

அப்பா, "நம்ம வீட்ல மொத்தம் எத்தனை கோட்டு இருக்குன்னு எண்ணிப் பாரேன்" என்றார். பிறகு அவரே எண்ணி, "பூஜ்யம்" என்றார்.

இதெல்லாம் போதாதென்று அளவை வேறு மாற்றுகிறாள். அறுபத்து நாலு அறுபத்திரண்டாயிற்று. பிறகு அறுபத்தொன்று. அம்மா துணி வெட்ட அளவு குறிக்கும் வெட்டுத்தாளில் பழைய எண்ணை அடித்துப் புது எண்ணை எழுதுகிறாள். 'அளவம்மா' என்று பெயரும் வைத்துவிட்டாள்.

நேற்று அளவம்மா கேட்டது இது: செப்டம்பர் பத்துக்குள் கோட்டு கைக்கு வருமா? அதற்குப் பிறகு அங்கே காலைக் குளிரைப் பெரியவர் தாங்க மாட்டாராம்.

அம்மா நூலைப் பல்லால் கடித்தாள். "கப்பல் என் கையில இருக்கா, ப்ளேன் என் கையில இருக்கா? பார்க்கலாம்னு எழுது. அவசரம்னா அவளே வேற இடத்துல வாங்கிக்குவா."

எழுதினேன். நீ என்ன சொன்னாலும் சரி, நல்ல ஆங்கிலத்தில்தான் எழுதினேன். இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். கம்பீரமாக இருந்தது.

வேளைக்குச் சாப்பிடு.

சுரைக்காய்


ஆகஸ்ட் 13

அன்புத் தங்கைக்கு,

சளி போயிற்று, இருமல் வந்திருக்கிறது. வீடு காலியாக இருக்கக் கூடாதாம். நீங்கள் மூவரும் சுகம்தானே?

ஒரு முக்கியமான செய்தி. செப்டம்பர் இருபதாம் தேதி எங்களுக்கு விளக்கேற்றும் நாள். பெரிய கூடத்தில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார்கள். நாங்கள் வரிசையாக ஆளுக்கொரு அகல் பிடித்து நிற்க வேண்டும். அவரவர் வீட்டிலிருந்து வந்தவர்கள் எழுந்து வந்து திரியை ஏற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் வெள்ளை உடுப்பு.

ஒருத்திக்கு இரண்டு அனுமதிச் சீட்டு. வருவதாக இருந்தால் நான் முன்பே வாங்கித் தபாலில் அனுப்ப வேண்டும். வராவிட்டால் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அம்மாவுக்குத் தையல் நெருக்கடி, அப்பாவுக்கு முதுகு, இரவெல்லாம் பேருந்து. எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் அம்மாவிடம் கேட்டு எழுது. கட்டாயப்படுத்தாதே. கேட்டுப் பார், அவ்வளவுதான்.

அக்கா


ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்கா,

இருமலுக்கு மிளகு. இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நாங்கள் நலம்.

இங்கே வீடு வீடாக இல்லை. ஒரு கடைக்காரர் நாற்பது கோட்டு ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். கட்டில் மேலே கோட்டு, கதவு மேலே கோட்டு. நாங்கள் தரையில் படுக்கிறோம். அளவம்மாவின் சாம்பல் துணி வெட்டியபடியே அலமாரி மேல் கிடக்கிறது. "அது ஒண்ணு, இது நாப்பது" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அளவம்மா விடவில்லை. நீ சிரிக்க வேண்டும் என்பதற்காக அவள் அனுப்பிய மார்பளவுகளை வரிசையாகத் தருகிறேன்: 64, 62, 61, 58, 57, 55. ஒன்றரை மாதத்தில் ஆறு தடவை! ஒவ்வொரு முறையும் மன்னிப்பு வேறு. "ரப்பர்ல டேப் வாங்கியிருக்காளோ?" என்றார் அப்பா. நான் விக்கும்வரை சிரித்தேன்.

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். அம்மா மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு கையில் கோட்டுகளை எண்ணிக்கொண்டே, சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டேன். பார்க்கலாம் என்றாள்.

முப்பத்தேழோ முப்பத்தெட்டோ, எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி எண்ணப் போகிறேன்.

சுரைக்காய்


செப்டம்பர் 8

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து கடிதமே இல்லை. தேர்வா? காய்ச்சலா? ஒரு வரி எழுதக் கூடாதா?

நாற்பதும் போய்விட்டது. அளவம்மாவின் கோட்டு மூன்றாம் தேதிதான் தபாலேறியது. அம்மா அதை அவசரமாகத் தைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அக்குளில் தையல் வராமலிருக்க இரண்டு தடவை பிரித்துத் தைத்தாள். பொத்தான்களை வயிற்றோரமாக வைத்து, தன் கையிலேயே போட்டுப் பார்த்து, உறுத்துகிறதா என்று தரையில் கையை அழுத்தினாள். பத்தாம் தேதிக்குள் போய்ச் சேராது. எனக்கு இரண்டு நாளாகப் பாடம் ஏறவில்லை. ஏன் என்று கேட்காதே.

வீட்டுச் செய்தி அதிகமில்லை. அம்மா தினமும் "தபால் ஏதாவது வந்துச்சா?" என்கிறாள். நேற்று அத்தை போட்ட கடிதத்தைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "உள்ள வேற ஒண்ணும் இல்லையா?" என்றாள். அப்பா தன் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். எதற்கென்றால் "சும்மா" என்கிறார். பெரியவர்கள் விசித்திரமானவர்கள்.

பதில் போடு அக்கா.

சுரைக்காய்


செப்டம்பர் 24

தங்கைக்கு,

சுகம்.

விளக்கேற்றும் நாள் முடிந்தது. வெள்ளை உடுப்பு கொடுத்துவிட்டார்கள். தோளில் கொஞ்சம் தொளதொளப்பு. மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை.

உன் நகைச்சுவை பற்றி ஒரு வார்த்தை. 64, 62, 61, 58, 57, 55. அந்த அம்மாளுக்கு அளவெடுக்கத் தெரியாமலில்லை. அந்த எண்களை அப்படியே என் எடை அட்டையில் எழுதினால், பெரிய டாக்டர் அந்த நோயாளியின் வீட்டாரை உடனே வரச் சொல்வார். அந்த நாய் மெலிந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு முறையும் அவள் டேப்பைச் சுற்றிப் பார்த்துத்தான் உனக்கு எழுதியிருக்கிறாள்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா


அக்டோபர் 5

அன்புள்ள அக்கா,

நான் நலம் என்று எழுத முடியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்றேன். கூட்டியிருக்கிறேன். அன்று அம்மா பார்க்கலாம்னு எழுது என்றாள் அல்லவா? 'வீ வில் சீ' என்று எழுதினேன். மொட்டையாக, மரியாதையில்லாமல் தெரிந்தது. கதைப் புத்தகங்களில் வரும் நல்ல மனிதர்கள் அதோடு இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்வார்கள். நானும் சேர்த்தேன். 'வீ வில் சீ டு இட்.' அழகுக்காகத்தான். அர்த்தம் மாறும் என்று எனக்கு அப்போது தெரியாது. அம்மா சொன்னது 'பார்க்கலாம்'. நான் எழுதியது 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்'. செப்டம்பர் முதல் வாரம் பள்ளிப் பாடத்தில் அதே சொற்றொடர் வந்தது. டீச்சர் பொருள் சொன்னார். என் காது சுட்டது.

அப்போதே அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். கோட்டு எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

இருபத்தொன்றாம் தேதிதான் போய்ச் சேர்ந்தது. இருபத்தேழாம் தேதி அளவம்மா ஒற்றை நட்சத்திரம் போட்டாள். கீழே அவள் எழுதியிருந்தது: "தைத்த கை நேர்த்தியான கை. கோட்டு அவருக்குச் சரியாக இருந்திருக்கும். பத்தாம் தேதிக்குள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்."

படித்துச் சொன்னேன். அம்மா மிஷினை நிறுத்தினாள். எங்கள் கடைக்கு மொத்தமே பதினேழு பேர்தான் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். ஒன்று கெட்டால் கடையைத் தேடுகிறவர்களின் கண்ணில் படாத பக்கத்துக்குத் தள்ளிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"நாம எப்படி அப்படிச் சொன்னோம்?"

நான் மடியிலிருந்த அகராதியை மூடினேன்.

"நீ பார்க்கலாம்னுதானே எழுதின?"

"ஆமாம்மா."

"அப்ப பொய் சொல்றா! இத்தனை கடுதாசியும் எழுத வெச்சுட்டு பொய்யும் சொல்றா பாரு! எழுது, நாங்க உனக்கு வாக்கே குடுக்கலைன்னு எழுது."

நீ சொன்னபடி தண்ணீர் குடித்தேன். இரண்டு டம்ளர். பிறகு எழுதினேன் அக்கா. என் கையால். 'நாங்கள் உங்களுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை.'

இரண்டு நாள் கழித்து உன் கடிதம் வந்தது. அந்த ஆறு எண்களையும் மறுபடி படித்தேன்.

அதற்கடுத்த நாள் அளவம்மாவின் பதில். ஆகஸ்டில் நான் எழுதிய 'வீ வில் சீ டு இட்' வாக்கியத்தை அப்படியே வெட்டி ஒட்டியிருந்தாள். அடியில் ஒரே ஒரு வரி: "இதை நம்பித்தான் இங்கே வாங்கிய கோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்."

அம்மா வருவதற்குள் அதை அழித்துவிட்டேன்.

"எழுதினாளா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்ல."

"எப்படி எழுதுவா? பொய்க்காரி."

இனி என்னைச் சுரைக்காய் என்றுகூடக் கூப்பிடாதே. சுரைக்காயால் யாருக்கும் கெடுதல் இல்லை.

உன் தங்கை


அக்டோபர் 14

என் சுரைக்காய்க்கு,

சாப்பிடு. முதலில் அதைச் செய். கடிதத்தைப் பிறகு படி.

எனக்கு எழுதுவது சுலபம். நான் நானூறு மைல் தள்ளி இருக்கிறேன். அம்மா நாலடி தள்ளி இருக்கிறாள். நீ சொல்ல வேண்டியது அவளிடம். ஒன்றும் செய்யாத ஒருத்தியைப் பொய்க்காரி என்று அம்மா தினமும் திட்டிக்கொண்டிருக்கிறாள். அதையும் நீதான் அவளைச் செய்ய வைக்கிறாய்.

உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆகஸ்டில் வந்த உன் கடிதத்தைப் பிரித்த உடனேயே அந்த எண்கள் எனக்குப் புரிந்துவிட்டன. அன்றைக்கே 'அந்தக் கோட்டை முதலில் தையுங்கள்' என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். அடுத்த பத்தியில் 'பார்க்கலாம் என்றாள்' என்றிருந்தது. அம்மாவின் பார்க்கலாம் எனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் பார்க்கலாம், எனக்குச் சைக்கிள் வாங்கப் பார்க்கலாம். கடிதத்தை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டேன். பதில் போடாமலிருந்தது தேர்வாலுமில்லை, காய்ச்சலாலுமில்லை. கோபம்.

சீட்டு இரண்டையும் அடுத்த கட்டில்காரியின் மாமாவுக்கும் மாமிக்கும் கொடுத்துவிட்டேன். கூடத்தில் விளக்கை அணைத்ததும் எல்லோருக்கும் யாராவது எழுந்து வந்தார்கள். என் திரியை விடுதிக் காப்பாளர் ஏற்றினார். அவருக்கு என் பெயர் நினைவில்லை. அறை எண்ணைச் சொன்னார். இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுது.

அக்கா


அக்டோபர் 21

அன்புள்ள அக்கா,

சாப்பிட்டேன். சொல்லிவிட்டேன்.

இன்று பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல், மிஷினுக்கு எதிரே நின்று ஆரம்பித்தேன். இரண்டு வார்த்தை சேர்த்தது, ஆமாம்மா என்றது, அழித்தது, எல்லாம். எண்களைப் பற்றி நீ எழுதியதையும் சொன்னேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்திருக்கலாம்.

அம்மா எழுந்து போய் வெட்டுத்தாள் கட்டிலிருந்து பெரியவருடைய தாளை உருவி வந்து மேஜையில் விரித்தாள். அடித்து அடித்து எழுதிய எண்கள். விரலை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனாள்.

"நான்தானேடி எழுதினேன், ஒவ்வொண்ணையும். கை எழுதிச்சு. கண்ணு பார்க்கல."

தாளை மடிக்காமலே, "எழுது" என்றாள். நான் உட்கார்ந்தேன்.

"வாக்குக் குடுத்தது நாங்கதான். தப்பு எங்களுது. உங்க பெரியவருக்காக வருத்தப்படறோம். அவ்வளவுதான் எழுதணும்."

"நான் சின்னப் பொண்ணு, இங்கிலீஷ் தெரியாம எழுதிட்டேன்னு..."

"காரணம் எல்லாம் வேணாம். காரணம் சொன்னா பேச்சு மறுபடியும் நம்மளப் பத்தி ஆயிடும்."

அனுப்பிவிட்டேன். அழகுக்கு ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. பதில் வரவில்லை. வராது என்றுதான் அம்மா சொல்கிறாள். ஆனாலும் ஒரு தடவை வந்து கணினியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகுதான் உன் விளக்கைப் பற்றிச் சொன்னேன். நீ கோபத்தில் இருந்தாய், சீட்டைக் கொடுத்துவிட்டாய், ஏனென்றால் அம்மா பார்க்கலாம் என்று...

"யாரு?" என்றாள் அம்மா. "நான் எங்கடி பார்க்கலாம்னேன்? 'பார்த்துக்கலாம், அவ சீட்டை அனுப்பட்டும்'னுல்ல சொன்னேன்!"

மிஷின் சத்தம் அக்கா. நான் கோட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பார்க்கலாம், பார்த்துக்கலாம். நடுவில் இரண்டே இரண்டு எழுத்து. அளவம்மாவுக்கு இரண்டு வார்த்தை கூட்டினேன், உனக்கு இரண்டு எழுத்து குறைத்தேன். முதல் கடிதத்தின் முதல் வரியில் நான் என்ன எழுதினேன் என்று தயவுசெய்து எடுத்துப் பார்க்காதே.

அப்பா கதவுக்குப் பின்னாலிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து, மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்தார். அது எதற்கென்று இப்போது நான் கேட்கவில்லை.

"சீட்டு வரலையே, அவளுக்குக் கூச்சம்னு நெனச்சேன்" என்றாள் அம்மா. "எல்லார் முன்னாடியும் நாய்ச் சட்டை தைக்கிறவளை அம்மான்னு காட்டணுமே, அதான்னு. சரி, பொண்ணு பெரிய எடத்துல இருக்கா, நாம எதுக்குன்னு விட்டுட்டேன்."

நான் அழுதேன். அம்மா அழவில்லை. சிந்திய நூல்களைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அவளுக்கு எழுது. அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றோம்னு."

"பார்த்துக்கலாம்னு சொன்னதையும் எழுதட்டுமா?"

"அதையும் எழுது. அடியில வர்றோம்னு தனியா எழுது. அதுக்கு ரெண்டு அர்த்தம் கிடையாது."

வர்றோம்.

உன் உடுப்பின் தோள் தொளதொளவென்று இருப்பதை அம்மாவிடம் சொன்னேன். ஊசியும் வெள்ளை நூலும் எடுத்து வைத்திருக்கிறாள். நீ நின்று அளவு கொடுத்தால் போதும். அன்றைக்கு விளக்கணைந்த கூடத்துக்கு இனி எங்களால் வர முடியாது என்பது எனக்குத் தெரியும்.

மணி எட்டுகூட ஆகவில்லை. அம்மா இன்று தைக்கப் போவதில்லையாம். உன் கூடம் அன்றைக்கு எவ்வளவு இருட்டாக இருந்திருக்கும் என்று மட்டும் கேட்டாள். மிஷின் மேலிருக்கும் சின்ன விளக்கை அணைத்துவிட்டாள். நான் எழுதி முடிக்க வேண்டும் என்று அறை விளக்கின் சுவிட்சில் கையை வைத்தபடி நிற்கிறாள்.

உன் தங்கை,
சுரைக்காய்

அதையும் அணைத்துவிட்டாள்.